பஸ்ஸுக்குள் இருந்த உன் குரல்

என் ஆசைத் தம்பி ரூபனுக்கு,

இந்த முதல் வரியைப் பார்த்தே நீ சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருந்த காலத்தில் உன்னை எருமை, விசரன், சோம்பேறி என்று கூப்பிட்ட வாய், இப்போது ஆசைத் தம்பி என்கிறதாம். சிரித்துவிட்டுப் போ. உன்னுடைய சத்தத்தைப் பற்றித்தான் நான் இன்றைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கடையைப் பூட்டவில்லை. வேலணையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அதே தகரக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறேன். மாரி தொடங்கினால் போட்டோக்கொப்பி மெசின் வழமைபோலக் கடதாசியைச் சப்புகிறது. போனுக்கு ரீலோட் போட வருகிறவர்கள் இன்னும் உன் கதிரையைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்க்கிறார்கள். நீ செய்த வேலையையும் இப்போது நானே செய்கிறேன். பாட்டை டவுன்லோட் பண்ணி, கொன்வேர்ட் பண்ணி, பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறேன். உது உனக்கு விளங்காதக்கா என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய்? விளங்கிவிட்டது. அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நீ கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிரு. இணையத்தில் இருந்து இறக்குகிற பாட்டு ஒரு வடிவத்தில் வரும். எங்கள் தீவுப் பக்கத்துப் பஸ்களிலும் படகுகளிலும் கோயில் ஒலிபெருக்கிகளிலும் இருக்கிற பழைய பிளேயர்களுக்கு எம்பி3 மட்டும்தான் செமிக்கும். வேறு எதைக் கொடுத்தாலும் பேசாமல் இருக்கும். அதனால் மாற்றித்தான் கொடுக்க வேண்டும். மாற்றும்போது பைல் சின்னதாகும், சத்தத்தில் கொஞ்சம் கழிந்து போகும். பெரிய சத்தத்துக்குப் பின்னால் கிடக்கிற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும். போனால் போனதுதான்.

குணமண்ணை ஒருநாள் பென்டிரைவைக் கொண்டுவந்து நீட்டினது நினைவிருக்கிறதா? யாழ்ப்பாணத்துக்கு ஓடுகிற தன் பஸ்ஸில் பாட்டு இரைகிறது, எல்லாவற்றையும் பெரிய பைலாக்கித் தா என்று கேட்டார். "கஞ்சியைத் திருப்பிச் சோறாக்க ஏலாது அண்ணை" என்றாய் நீ. அவருக்கு விளங்கவில்லை. நீ சாப்பாட்டுக்கடை நடத்தவில்லையே தம்பி என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு பேரும் அன்றைக்குப் பின்னேரம் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

உன் குரல் பாட்டுக்குள் போனது அதற்குப் பிறகுதான். மண்கும்பானில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கிறவர் உன் பாட்டுகளை அப்படியே பிரதி பண்ணி, தான் தேடி எடுத்ததாக ஊருக்கெல்லாம் கொடுத்தார். உனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் அறைக்கதவைச் சாத்திவிட்டு உன் குரலைப் பதிந்துகொண்டு வந்து, கொம்பியூட்டரில் ஏதோ செய்தாய். அதன் பிறகு நீ மாற்றிய ஒவ்வொரு பாட்டும் தொடங்க முதல் நீ வந்து கதைத்தாய். "வேலணையில இருந்து ரூபன். ஒருக்கா கேளுங்கோ." அவ்வளவுதான். பிறகுதான் பாட்டு.

இனி எவன் களவெடுத்தாலும் என்ரை பேரையும் சேர்த்துத்தான் காவ வேணும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாய். ஆனால் விசரா, நீ ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்யவில்லை. இருந்த பைல்கள் அத்தனையையும் ஒரேயடியாகப் போட்டு மாற்றினாய். சினிமாப் பாட்டு, கோயில் பாட்டு, செத்த வீட்டில் போடுகிற பதிகங்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் நீயே வந்து நின்றாய். பதிகத்துக்கு முன்னாலும் உன்ரை விளம்பரமோ என்று நான் ஏசினேன். பிறகு பார்த்துத் திருத்துகிறேன் என்றாய். திருத்தவில்லை.

திருத்த முதல், கடலுக்கு நடுவே போகிற பண்ணைத் தாம்போதி ரோட்டில், காற்றும் மழையுமாக இருந்த ஒரு பின்னேரம், உன் மோட்டார் சைக்கிள் வழுக்கிவிட்டது. உன்னைக் கொண்டுவந்தார்கள். உன் போன் கடலுக்குள் போய்விட்டது.

செத்த வீட்டுக்கு ஒலிபெருக்கி கட்ட மண்கும்பான்காரர்தான் வந்தார். உன்னோடு சண்டை பிடித்த மனிசன், காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்து வயர் இழுத்தார். நாங்கள் உன்னைச் சுற்றி இருந்து அழுதுகொண்டிருந்தோம். அவர் பதிகத்தைப் போட்டார். ஒலிபெருக்கிப் பெட்டியில் இருந்து நீ கதைத்தாய். "வேலணையில இருந்து ரூபன். ஒருக்கா கேளுங்கோ."

அழுகை நின்றுபோனது. முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் வாசல் படலையைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் தலைமாட்டில் இருந்த உன் மனிசி சுகந்தி, அதுவரைக்கும் ஒரு சொல்லும் பேசாமல் இருந்தவள், நிமிர்ந்து "என்னப்பா?" என்று கேட்டாள். நீ குசினிப் பக்கம் வந்து கூப்பிட்டால் எப்படிக் கேட்பாளோ அதே மாதிரி. அந்த மனிசன் ஓடிப்போய் வயரைப் பிடுங்கிவிட்டார். அதற்குப் பிறகு உன் வீட்டில் பாட்டுப் போடவில்லை. ஒலிபெருக்கி இல்லாமல்தான் உன்னைக் கொண்டுபோனோம்.

சடங்கெல்லாம் முடிந்தது. நீ முடியவில்லை. யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் ஒரு குளிர்பானக் கடைக்குள் இருந்து கதைத்தாய். மண்டைதீவில் யாரோ பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில், நான் ரோட்டால் போக, பந்தலுக்குள் இருந்து கதைத்தாய். நயினாதீவுக்குப் போகிற படகில் எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே கதைத்தாய். முதல் தடவைகளில் போகிற வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். பிறகு பிறகு, உண்மையைச் சொல்கிறேன், உன் குரல் கேட்கிற இடமாகப் பார்த்துப் போகத் தொடங்கினேன். வேறு எங்கே போய்க் கேட்பேன்? உன் கல்யாண வீடியோவில் முழுக்கப் பாட்டைப் போட்டு மூடியிருக்கிறார்கள், நீ வாயை அசைக்கிறாய், சத்தம் இல்லை. ஒரே கடையில் இருந்த எனக்கு நீ எதற்காக வொய்ஸ் மெசேஜ் போடப்போகிறாய்? சுகந்தியின் பழைய போனும் பழுதாகிவிட்டது. அந்த ஒரு வசனம்தான் எங்களிடம் மிச்சம் இருந்தது.

குணமண்ணை உன்னில் வைத்திருந்த பாசம் உனக்குத் தெரியும். அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். பஸ் உன் வீட்டடிக்கு வருகிறபோது, ஓடிக்கொண்டிருக்கிற பாட்டை நிறுத்திவிட்டு, அடுத்த பாட்டைத் தொடக்கத்தில் இருந்து போடுவார். உன் வீட்டுப் படலைக்கு நேரே உன் குரல் கேட்க வேண்டும் என்று. இங்கே கோயிலடியைக் கடக்கிறபோது பஸ் ஹோனை அமத்தி ஒலிக்கிறார்களே, அந்த மாதிரி உனக்கு அவர் செய்கிற மரியாதை அது. கொண்டக்டர் படியில் நின்று, "பிள்ளை, அப்பா கதைக்கிறார், கேளும்" என்று படலையில் நிற்கிற உன் மகள் யாழினிக்குக் கை காட்டுவான். அன்பாகத்தான் செய்தார்கள். ஒருவரிலும் பிழை சொல்ல ஏலாது.

யாழினிக்கு இப்போது நாலு வயது. நீ போகிறபோது அவள் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள், உன் முகம் அவளுக்கு நினைவில் இல்லை. படத்தைக் காட்டினால் அப்பா என்பாள். ஆனால் அப்பா எங்கே என்று கேட்டால் ரோட்டைக் காட்டுவாள். அவள் கணக்கில் நீ பஸ்ஸில் வேலை செய்கிறாய். காலமை யாழ்ப்பாணம் போகிறாய், பின்னேரம் திரும்பி வருகிறாய், ஏனோ இறங்கி வீட்டுக்கு வருகிறாய் இல்லை.

ஒரு பின்னேரம் படலைக் கொளுக்கி சரியாகப் பூட்டப்படவில்லை. பஸ் வருகிற சத்தம் கேட்டதும் பிள்ளை ஓடிவிட்டாள். குணமண்ணை பிரேக்கை மிதித்த மிதியில் பஸ்ஸுக்குள் நின்றவர்கள் எல்லாரும் முன்னால் விழுந்தார்களாம். நான் கடையில் இருந்து ஓடிப் போய்ப் பார்க்கிறேன், ரயர் தேய்ந்த கோடு ரோட்டில் கறுப்பாகக் கிடக்கிறது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் பஸ் படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்று, "அப்பா, இறங்குங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குணமண்ணை ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். உள்ளே நீ கதைத்து முடிந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

உனக்கு அது கேட்டதா தம்பி? நான் அன்றைக்கு இரவெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த நாள் சுகந்தி கடைக்கு வந்தாள். உன் கதிரையில் இருக்கவில்லை, நின்றுகொண்டே சொன்னாள்.

"மச்சாள், எல்லாத்திலையும் இருந்து அவரை எடுத்துவிடுங்கோ. பஸ்ஸிலையும் எடுங்கோ, கோயிலிலையும் எடுங்கோ. எனக்கு இருக்கிறது இந்தப் பிள்ளை ஒண்டுதான்."

எனக்குக் கோபம் வந்தது. அவளில் கோபம், உன்னில் கோபம், யாரில் என்று தெரியாத கோபம். எங்களிடம் மிச்சம் இருக்கிறதே அந்த ஒரு வசனம், அதையும் நானே அழிக்க வேண்டுமோ என்று கேட்க வாய் வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தேன். தூங்காத கண். கேட்கவில்லை. சரி என்றேன்.

அன்றையில் இருந்து நான் செய்த வேலையை உனக்குச் சொல்லத்தான் வேண்டும். நீ ஒரேயடியாகப் போட்டாய். நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். இணையத்தில் திரும்பக் கிடைத்த பாட்டுகளைப் புதிதாக இறக்கி மாற்றினேன். கிடைக்காத பாட்டுகளில் உன் குரல் முடிகிற இடம் வரைக்கும் வெட்டினேன். வெட்டிய ஒவ்வொரு தடவையும் நீ கதைத்தாய், பிறகு கதைக்கவில்லை. பிறகு அந்தப் புதுப் பைல்களை எடுத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக, கடை கடையாக, கோயில் கோயிலாகப் போய்ப் பென்டிரைவை வாங்கி மாற்றிக் கொடுத்தேன். சிலர் ஏன் என்று கேட்டார்கள். சிலர் கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டு தந்தார்கள். மண்கும்பான்காரர் எல்லாவற்றையும் என் முன்னாலேயே அழித்துவிட்டு, தேத்தண்ணி குடியும் தங்கச்சி என்று வற்புறுத்தினார். நான் பாதியோடு வைத்துவிட்டு எழும்பினேன். உன்னை நானே ஊர் ஊராகத் தேடிப் பிடித்து இரண்டாம் தரமும் சாகடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

படகுக்காரர் ஒருவர் மட்டும் தரமாட்டேன் என்று நின்றார். குறிகட்டுவான் இறங்குதுறையில் கயிறு அவிழ்க்கிறபோது உன் குரலோடுதான் அவர் படகை எடுப்பாராம், நீ போன பிறகு அவருக்கு ஒரு நாளும் நடுக்கடலில் எஞ்சின் நிற்கவில்லையாம். பிள்ளை ஓடி வருகிறதற்குக் கடலில் ரோட்டு இல்லைத்தானே பிள்ளை என்றார். எனக்கும் அதற்கு மேலே வாதாட மனமில்லை. விட்டுவிட்டேன். அதனால் நீ இன்னும் நயினாதீவுக்குப் போய் வருகிறாய்.

குரல் இல்லாத பாட்டோடு பஸ் முதல் தரம் உன் வீட்டைக் கடந்த அன்றைக்கு நான் சுகந்தியோடு நின்றேன். படலைக்கு இப்போது பூட்டுப் போட்டிருக்கிறோம். யாழினி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் வந்தது, பாட்டு வந்தது, போய்விட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"மாமி, இண்டைக்கு அப்பா வேலைக்கு வரேல்ல."

அடுத்தடுத்த நாளும் போய் நின்றாள். ஒரு கிழமை போக, பஸ் வருகிறபோது திரும்பிக்கூடப் பார்க்காமல் மண் விளையாடிக்கொண்டிருந்தாள். சுகந்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இதைத்தான் நாங்கள் இருவரும் வேண்டியது. வேண்டியது நடந்தபோது ஏன் எங்களுக்கு அப்படி இருந்தது?

இவ்வளவும் செய்ததில் கொம்பியூட்டர் நிறைந்து போனது. இடம் இல்லை இடம் இல்லை என்று கத்தத் தொடங்கியது. எந்தப் பைல் பெரிதாக இருக்கிறது என்று பார்த்து அழிக்கலாம் என்று தேடினேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பைல், மாற்றாத, சுருக்காத பைல், பெயருக்குப் பதிலாக வெறும் இலக்கங்கள். திறந்தேன். காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள் நீ இருமினாய்.

அன்றைக்கு அறைக்கதவைச் சாத்திவிட்டுப் பதிந்தாயே, அது முழுக்க அப்படியே கிடந்தது. வேலணையில இருந்து ரூபன் என்கிறாய், நாக்குத் தடக்குகிறது, தூ என்கிறாய், திரும்பச் சொல்கிறாய். வெளியே காகம் கத்துகிறது. குசினிக்குள் ஏதோ பொரிகிற சத்தம். இஞ்சாருங்கோ, பிள்ளை அழுறது கேக்கேல்லையோ என்று சுகந்தி கத்துகிறாள். ஒரு நிமிசம் என்கிறாய். யாழினி அழுகிறாள், கைக்குழந்தை அழுகை, மூச்சை இழுத்து இழுத்து. நீ கடைசித் தரமாக வசனத்தைச் சரியாகச் சொல்லி முடிக்கிறாய். பஸ்ஸிலும் படகிலும் கேட்டது இதுதான். ஆனால் அதற்குப் பின்னால் அந்த அழுகை இருந்தது ரூபன். சுருக்கி மாற்றினபோது அது கழிந்து போயிருக்கிறது. பிறகு நீ சொல்கிறாய்.

"பொறு குஞ்சு. அப்பா வாறன்."

நான் அந்த இடத்தில் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். மேலே கேட்க என்னால் ஏலவில்லை. தாம்போதியில் போன அன்றைக்கும் கடை வாசலில் நின்று வாறன் அக்கா என்றுதானே சொல்லிவிட்டுப் போனாய். இங்கே ஒருவரும் வீட்டைவிட்டு வெளிக்கிடுகிறபோது போறன் என்று சொல்லமாட்டோம். வாறன் என்றுதான் சொல்வோம். நீயும் சொன்னாய்.

சுகந்திக்குச் சொல்வதா விடுவதா என்று சில நாள் அலைந்தேன். மறைக்க எனக்கு என்ன உரிமை? ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் கூப்பிட்டேன். வந்தாள். முதல் தடவையாக உன் கதிரையில் இருந்தாள். ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவள் காதிலும் மற்றப் பக்கத்தை என் காதிலும் வைத்துக்கொண்டு கேட்டோம். நீ தடக்கினபோது சிரித்தாள். தன் குரலைக் கேட்டபோது வாயைப் பொத்தினாள். நீ வாறன் என்றபோது நானே நிறுத்திவிட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"இதைப் பிள்ளைக்கு வைச்சிருக்க வேணும் மச்சாள். ஆனா அந்த 'வாறன்' எண்டதை மட்டும் வெட்டி எடுக்க ஏலுமோ? இதைக் கேட்டா அவள் சாகும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிப்பாள்."

ஏலும் என்றேன். இவ்வளவு பாட்டில் உன்னை வெட்டினவளுக்கு ஒரு சொல்லை வெட்டுவது பெரிய வேலையோ? திரையில் உன் குரல் ஒரு கோட்டில் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. வாறன் என்பது ஒரு சின்ன மேடு. இவ்வளவுதானோ என்று சுகந்தி கேட்டாள். அது தொடங்குகிற இடத்தில் ஒரு அடையாளம் வைத்தேன். முடிகிற இடம் தெரிய வேண்டும் என்றால் அதைத் தாண்டி ஓட விட வேண்டும். ஓட விட்டேன்.

கதிரை இழுபடுகிறது. நீ எழும்புகிறாய். பதிவை நிறுத்த மறந்துவிட்டாய், எப்போதும் உன் புத்தி அப்படித்தான். கதவு திறக்கிறது. உன் செருப்புச் சத்தம் தூரப் போகிறது. அறைக்குள் ஒருவரும் இல்லை. அந்தப் பக்கம் பிள்ளை இன்னும் அழுகிறாள். நான் சத்தத்தைக் கூட்டினேன், கூட்டக் கூட்ட இரைச்சலும் சேர்ந்து ஏறியது. பிறகு அழுகை நின்றது. பாதி மூச்சில், தூக்கினால் நிற்குமே, அப்படி நின்றது. நீ ஏதோ சொல்கிறாய், சொல் விளங்கவில்லை, பிள்ளையோடு கதைக்கிற குரல் மட்டும் கேட்கிறது.

சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் விரல் இன்னும் வெட்டுகிற பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"வெட்டாதேங்கோ மச்சாள்" என்றாள். "அவர் வந்தவர்தானே."

இரண்டு பேரும் அந்த வெறும் அறையைக் கடைசி வரைக்கும் கேட்டோம். போட்டோக்கொப்பி எடுக்க வந்த ஒரு மனிசன் எங்களைப் பார்த்துவிட்டு, பிறகு வாறன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தம்பி, இப்போது நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தப் பைலை நான் எதற்கும் மாற்றமாட்டேன், சுருக்கமாட்டேன். கொம்பியூட்டர் எவ்வளவு கத்தினாலும் இதற்கு இடம் இருக்கும். பஸ் வேறு, குரல் வேறு, ஆள் வேறு என்று யாழினிக்குப் பிரித்து விளங்குகிற வயது வரட்டும். நீ ஏன் இல்லை என்று அவளுக்கு நாங்கள் மறைக்காமல் சொல்லுவோம். அதற்குப் பிறகு ஒரு நாள் அவளை உன் கதிரையில் இருத்தி, சுகந்தி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக இருந்து, இதைப் போட்டுக் காட்டுவேன். நீ வாறன் என்று சொல்கிற இடத்தில் நிறுத்தமாட்டேன். தன்னுடைய அழுகை நிற்கிற சத்தத்தை அவள் தன் காதாலே கேட்பாள். அப்பா வாறன் என்று சொன்னார், வந்து தூக்கினார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

உனக்கு முன்னே பிறந்து, உனக்குப் பின்னும் இருக்கிற,
உன் அக்கா,
மலர்